ஐப்பசி விருந்தினருக்கு ஒரு சத்திரம்



ஆங்கிலப் பாடநூலில் இலையுதிர் காலத்தைப் பற்றிய கவிதைகளைப் படிக்கிறீர்கள். மரங்கள் பொன்னிறமாகி இலை சொரியும் அந்தக் காட்சியை நம் தூத்துக்குடிச் சீமையில் எங்கே காண்பது? இங்கே உடைமரமும் பனையும் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே கோலத்தில்தான் நிற்கின்றன. ஆயினும் ஆடிக்காற்று ஓய்ந்து, புரட்டாசி வெயில் காய்ந்து, ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கும்போது நமக்கும் ஒரு பருவம் மாறத்தான் செய்கிறது. அந்த மாற்றம் வானத்திலும், உப்பளத்திலும், கரிசல் காட்டிலும், நம் வீட்டு வாசலில் ஓடும் மின்கம்பியிலும் தெரிகிறது. தொலைதூர நாடுகளிலிருந்து சிறகுள்ள விருந்தினர் வந்து இறங்கும் காலம் அது. அவர்கள் யார், ஏன் வருகிறார்கள், அவர்களுக்கு நாம் என்ன செய்யக் கடமைப்பட்டிருக்கிறோம் என்பதே இப்பாடம்.

வலசை என்பது என்ன?

பறவைகள் ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குப் பருவந்தோறும் சென்று திரும்புவதை வலசை போதல் என்கிறோம். வடக்கே சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் கோடைக்காலத்தில் பகல் நீண்டிருக்கும். பூச்சியும் புழுவும் பெருகியிருக்கும். குஞ்சு பொரித்து வளர்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் புரட்டாசி பிறக்கும் முன்பே அங்கே பகல் குறுகத் தொடங்கும். நிலம் உறையும், குளங்கள் பனிக்கட்டியாகும், பூச்சிகள் மறையும். குளிரைக் காட்டிலும் பசியே பறவைகளைத் துரத்துகிறது. புறப்படுமுன் அவை வயிறார உண்டு உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்கின்றன. சில இனங்களின் எடை ஏறக்குறைய இரு மடங்காகிவிடும். அந்தக் கொழுப்பே வழிநடைக் கட்டுச்சோறு.

நம் முன்னோர் இதை அறியாதவர் அல்லர். மதுரையில் குளிரில் வாடிய சத்திமுத்தப் புலவர், தென்குமரி சென்று வடதிசைக்குத் திரும்பும் செங்கால் நாரையைத் தம் மனைவியிடம் தூது விடுத்தார். அதன் அலகுக்கு அவர் உவமை காட்டிய பொருள் என்ன தெரியுமா? நம் ஊர்ப் பனங்கிழங்குதான்! நாரை வந்து போகும் திசையையும் பருவத்தையும் கண்ணால் கண்டவரே இப்படிப் பாட முடியும்.

கரிசல் காட்டில்

பாஞ்சாலங்குறிச்சி என்றவுடன் கட்டபொம்மனும், 1974-இல் எழுப்பப்பட்ட நினைவுக் கோட்டையுமே நம் நினைவுக்கு வரும். அக்கோட்டையைச் சுற்றி ஒட்டப்பிடாரம் வரையிலும் அதற்கு அப்பாலும் விரிந்து கிடக்கும் கரிசல் நிலமோ ஒரு பறவைப் புத்தகம். மழைக்குப்பின் கம்பும் சோளமும் உளுந்தும் தழைக்கும்போது இவற்றைப் பாருங்கள்.

மின்கம்பிகளில் வரிசையாக அமர்ந்திருக்கும், பிளவுபட்ட வாலுடைய கருநீலக் குருவி தகைவிலான். பறந்தபடியே பூச்சி பிடிக்கும். அதன் அருகிலேயே, பச்சை உடலும் நீல வாலும் கொண்ட நீலவால் பஞ்சுருட்டான் அமர்ந்திருக்கலாம்.

இளஞ்சிவப்பு உடலும் கருந்தலையுமாகக் கூட்டங்கூட்டமாய்ப் புகைபோல் சுழன்று இறங்குவது சோளக்குருவி. சூறைக்குருவி என்றும் சொல்வர். கிழக்கு ஐரோப்பா முதல் மத்திய ஆசியா வரையுள்ள புல்வெளிகளில் பிறந்தது. கதிரைத் தின்கிறதென்று உழவர் இதனை விரட்டுகிறார்கள். ஆனால் வெட்டுக்கிளிகளை வாரி விழுங்குவதும் இதுவேதான்.

நிலத்தை ஒட்டி, இறக்கையை ஆங்கில 'வி' எழுத்துப்போல் உயர்த்திப் பிடித்து, மெல்ல மிதந்து வரும் ஒல்லியான பருந்து பூனைப்பருந்து. கஜகஸ்தான் முதலிய நாடுகளின் புல்வெளியிலிருந்து வருகிறது. பகலெல்லாம் வெட்டுக்கிளி பிடித்துண்டு, இரவில் மரத்தில் தங்காமல் புல்தரையிலேயே உறங்குகிறது. ஆகவே "சும்மா கிடக்கும் தரிசு" என்று நாம் எண்ணும் புல்நிலமே அதற்குப் படுக்கை. அங்கே சீமைக்கருவேல் புதர் மண்டினால் அதற்கு இடம் இல்லை.

உப்பளத்திலும் கடலோரத்திலும்

உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழகத்துக்கு; அதில் பெரும்பங்கு நம் மாவட்டத்துக்கு. உப்பளத்தில் கடல்நீர் ஒரே நாளில் உப்பாவதில்லை. பாத்திக்குப் பாத்தி மாறி, மெல்ல மெல்லக் கரிப்பு ஏறுகிறது. ஒவ்வொரு படியிலும் ஒவ்வொரு வகை நுண்ணுயிர் வாழ்கிறது. உப்புநீரில் வளரும் சிற்றிறாலும் ஈக்களின் புழுக்களும் பறவைகளுக்குப் பந்தி விரிக்கின்றன.

அந்தப் பந்தியில் முதல் விருந்தினர் பூநாரை. குஜராத்தின் கட்ச் உப்புச் சதுப்பில் பெருங்கூட்டமாகக் கூடு கட்டும் இனம் இது. தலையைக் கீழாகக் கவிழ்த்து, அலகால் நீரை வடிகட்டி உண்ணும். இதன் செந்நிறம் பிறவி நிறமன்று; உண்ணும் பாசியிலும் இறாலிலும் உள்ள நிறப்பொருளால் வருவது. குஞ்சுகள் சாம்பல் நிறமாகவே இருக்கும்.

பூநாரையின் காலடியில் ஓடியாடும் சின்னஞ்சிறு கொசு உள்ளானையும் கவனியுங்கள். சிட்டுக்குருவியின் அளவே இருக்கும். எடை சுமார் முப்பது கிராம். ஆனால் அது பிறந்த ஊர் வடதுருவத்தை அடுத்த உறைநிலம்! இன்னொரு கரைப்பறவையான பட்டைவால் மூக்கன் செய்த சாதனையைக் கேளுங்கள். 2022-ஆம் ஆண்டு இவ்வினத்தைச் சேர்ந்த ஓர் இளம்பறவை அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவுக்கு எங்கும் இறங்காமல் பதினொரு நாள் பறந்தது. தூரம் 13,560 கிலோமீட்டர். அதன் உடலில் பொருத்திய சிறு கருவி இதைக் காட்டிற்று.

சிறகு முளைத்த சிறு பயணிகள்

பறவைகள் மட்டுமா பயணம் போகின்றன? ஒரு கிராம் எடைகூட இல்லாத வண்ணத்துப்பூச்சிகளும் போகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்டு வெயில் அடிக்கும் காலை வேளையில், ஒன்றன்பின் ஒன்றாக ஒரே திசை நோக்கிப் பறக்கும் வண்ணத்துப்பூச்சிகளைக் கண்டால் அவை பூத்தேடி அலைவன அல்ல, வலசை போவன. கருநிறத்தில் வெளிர்நீலக் கோடுகளுடைய நீலவரியனும், பழுப்பில் வெண்புள்ளியிட்ட வெண்புள்ளிக் கருப்பனும் இவற்றில் முக்கியமானவை. கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலிருந்தும் சமவெளியிலிருந்தும் இவை மேற்குத் தொடர்ச்சி மலை நோக்கிச் செல்கின்றன. தென்மேற்குப் பருவமழைக்கு முன் எதிர்த்திசையில் வருகின்றன.

நாம் களை என்று பிடுங்கி எறியும் செடிகளே இவற்றின் உணவு. கிலுகிலுப்பையிலும் தேள்கொடுக்கிலும் ஆண்பூச்சிகள் மொய்த்து ஒருவகைச் சாற்றை உறிஞ்சும். ஆவாரையிலும் கொன்றையிலும் மஞ்சள் வெள்ளையன்கள் முட்டையிடும். கரிசல் வரப்பில் படரும் ஆடுதின்னாப்பாளையை ஆடு தொடாது. ஆனால் கருஞ்சிறகும் செவ்வுடலும் கொண்ட ரோஜா வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கு அதுவே உயிர். இலங்கையில் சிவனொளிபாத மலைக்குச் சிங்களத்தில் 'சமனல கந்த' என்று பெயர். வண்ணத்துப்பூச்சி மலை என்பது பொருள். பூச்சிகள் கூட்டமாக அம்மலைக்கு யாத்திரை போவதாக அங்கே வழிவழியாகச் சொல்வார்கள்.

ஐரோப்பாவில் 'பெயின்டட் லேடி' என்னும் செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சி உண்டு. நம் நாட்டிலும் இது பறக்கிறது. வசந்தத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து மத்தியதரைக் கடலைத் தாண்டி இது வடக்கே வருவதை நெடுநாளாக அறிவர். இலையுதிர் காலத்தில் இதற்கு என்ன ஆகிறது என்பது புரியாதிருந்தது. 2009-ஆம் ஆண்டு பொதுமக்கள் எழுதியனுப்பிய அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட குறிப்புகளையும் ரேடார் பதிவுகளையும் ஒப்பிட்ட அறிஞர்கள், 2012-இல் விடையை வெளியிட்டார்கள். கண்ணுக்கு எட்டாத உயரத்தில் அவை தெற்கே திரும்புகின்றனவாம்! போய்வரும் தூரம் சுமார் 14,500 கிலோமீட்டர். ஒரே பூச்சி முழுப் பயணத்தையும் முடிப்பதில்லை. ஆறு தலைமுறை வரை அடுத்தடுத்துத் தொடர்கின்றன. இந்த உண்மையைக் கண்டறியக் கைகொடுத்தவர்களில் பெரும்பாலோர் விஞ்ஞானிகள் அல்லர்; பார்த்ததைத் தேதியிட்டு எழுதி வைத்த சாதாரண மக்கள்.

வழியில் சத்திரம் இல்லையென்றால்?

நெடும்பயணம் போகிறவர்களுக்காக நம் நாட்டு மன்னர்களும் செல்வர்களும் சாலையோரம் சத்திரம் கட்டினார்கள். மத்தியதரைக் கடலின் மால்ட்டா, சிசிலி, கிரீட் போன்ற தீவுகள் பறவைகளுக்கு அப்படிப்பட்ட சத்திரங்கள். ஆனால் களைத்து இறங்கும் விருந்தாளியை அங்கே துப்பாக்கியும் வலையும் வரவேற்பது உண்டு. அக்கடலைச் சுற்றியுள்ள நாடுகளில் ஆண்டுதோறும் ஒரு கோடியே பத்து லட்சம் முதல் மூன்று கோடியே அறுபது லட்சம் பறவைகள் வரை சட்டத்துக்குப் புறம்பாகக் கொல்லப்படுகின்றன அல்லது பிடிக்கப்படுகின்றன என்று 2015-இல் பறவைப் பாதுகாப்பு அமைப்பினர் கணக்கிட்டார்கள்.

நம் நாட்டிலும் இத்துயரம் நிகழ்ந்தது. சைபீரியாவிலிருந்து தென்னாப்பிரிக்கா செல்லும் அமூர் வல்லூறுகள் நாகாலாந்தின் டோயாங் நீர்த்தேக்கத்தில் இளைப்பாறும். 2012-இல் அவை பல்லாயிரக்கணக்கில் வலையில் பிடிபட்டு மாண்டன. செய்தி உலகெங்கும் பரவிற்று. ஊர்ப் பெரியவர்களும் தேவாலயங்களும் தொண்டர்களும் வீடுவீடாகப் பேசினார்கள். மறு ஆண்டே வேட்டை நின்றது. வலை விரித்தவர்களே காவலரானார்கள். நமக்கு அண்மையில் நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளம் மக்களோ, யாரும் சொல்லாமலே தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்து வருகிறார்கள். அவை அஞ்சக்கூடாதென்று தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை.

நம் கரையில் துப்பாக்கி இல்லை. ஆனால் சத்திரமே கரைந்து போகிறது. தூத்துக்குடிக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் உண்டு. 1986-இல் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அலை ஏறும் நேரத்தில் உள்ளான்களும் ஆலாக்களும் ஒதுங்குவது இவற்றின் மணல் திட்டுகளில்தான். அவற்றில் விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் கடலுள் மூழ்கிவிட்டன. நம் துறைமுகத்துக்கு அருகிலுள்ள வான் தீவு ஏறத்தாழ இரண்டு ஹெக்டேர் அளவுக்குத் தேய்ந்துவிட்டது. காரணம் என்ன? தீவைச் சுற்றியிருக்கும் பவளப்பாறையே அலையைத் தடுக்கும் மதில். பல்லாண்டுகளாகச் சுண்ணாம்புக்காக அந்தப் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். மதில் இடிந்தபின் வீடு நிற்குமா? 2001-இல் பவளத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. 2015-ஆம் ஆண்டு தொடங்கி, வான் தீவைச் சுற்றிச் செயற்கைத் தடுப்புப் பாறைகள் கடலில் இறக்கப்பட்டன. அதன்பின் மணல் மீண்டும் சேரத் தொடங்கியது நம்பிக்கை தரும் செய்தி.

முத்துக்குளித்துறை என்று பெயர் பெற்ற இக்கரையில் பெரிய அளவில் முத்துக்குளிப்பு கடைசியாக 1961-இல் நடந்தது. ஆண்டாண்டு காலமாகக் கிடைத்துவந்த ஒன்று நின்றே போகலாம் என்பதற்கு நமக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

நீங்கள் செய்யத் தக்கவை

1. ஒரு குறிப்பேடு வையுங்கள். நாள், நேரம், இடம், பறவை, எண்ணிக்கை, அது செய்துகொண்டிருந்த வேலை ஆகிய ஆறையும் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் அலகு, கால், வால் இவற்றின் நிறமும் நீளமும் குறித்தால் போதும். பெயரைப் பிறகு கண்டுகொள்ளலாம்.

2. பெருங்கூட்டமாயின் முதலில் பத்துப் பறவைகளை எண்ணுங்கள். அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணால் அளந்து, அதைப்போல் எத்தனை பங்கு உண்டென்று கணக்கிடுங்கள்.

3. வண்ணத்துப்பூச்சிக்கு, எதிரெதிரே இரண்டு மரங்களைக் குறித்துக்கொண்டு அவற்றினிடையே ஐந்து நிமிடத்தில் கடப்பவற்றை எண்ணுங்கள். பறக்கும் திசையையும் எழுதுங்கள். பூச்சியைப் பிடிக்க வேண்டாம்.

4. கிட்டே போய் விரட்டிப் பார்க்காதீர்கள். ஒருமுறை வீணாக எழுந்து பறந்தாலும் அது சேர்த்து வைத்த கட்டுச்சோறு குறைகிறது. தீவுகளில் வனத்துறையின் அனுமதியின்றி இறங்கக் கூடாது. கரையிலிருந்தும் உப்பளச் சாலையிலிருந்தும் பெரியவர் துணையோடு பாருங்கள்.

5. பள்ளித் தோட்டத்தின் ஒரு மூலையில் கிலுகிலுப்பையும் ஆவாரையும் களையெடுக்கப்படாமல் வளரட்டும்.

6. தமிழகத்தில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பறவைகள் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. யாரும் பங்கு கொள்ளலாம். குடும்பத்தோடு கலந்துகொள்ளுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் மகள் காலையில் மொட்டைமாடியில் நின்று வானத்தைப் பார்த்தால், "படிக்காமல் என்ன வேடிக்கை?" என்று கடிந்துகொள்ளாதீர்கள். பக்கத்தில் நின்று நீங்களும் பாருங்கள். உங்கள் இளமையில் எந்தப் பறவை எவ்வளவு வந்தது என்று சொல்லுங்கள். அதையும் அவள் குறிப்பேட்டில் எழுதட்டும். இன்று எழுதப்படும் ஒரு வரி, இருபது ஆண்டு கழித்து ஒரு தீவுக்காகவோ ஒரு குளத்துக்காகவோ சாட்சி சொல்லக்கூடும்.

முப்பது கிராம் உயிரொன்று துருவத்திலிருந்து நம்மை நம்பி வருகிறது. அது வந்து இறங்கும்போது உப்பளத்து ஈரமும், கரிசலின் புல்லும், தீவின் மணலும் இருந்த இடத்தில் இருக்கவேண்டும். வந்தாரை வரவேற்பது தமிழர் பண்பு என்று மேடையில் பேசுகிறோம். அடுத்த ஐப்பசியில் அதைச் செய்து காட்டுவோம்.