புனித எலிசபெத்தும் உணவு வந்த வழியும்

நவம்பர் 17ஆம் திகதி திருச்சபை ஹங்கேரி நாட்டுப் புனித எலிசபெத்தை நினைவுகூருகிறது. அவருடைய படத்தைப் பலர் பார்த்திருப்பர். முடி சூடிய இளம் அரசி. மடி நிறைய ரோஜாப் பூக்கள். ஏழைகளுக்கென அவர் மறைத்துக் கொண்டுபோன அப்பம், வழிமறித்துக் கேட்கப்பட்டபோது பூக்களாக மாறிற்று என்பது கதை. அழகான கதைதான். ஆனால் அவரோடு கூட வாழ்ந்தவர்களின் சாட்சியத்தில் அது இல்லை; பிற்காலத்தில் வந்து சேர்ந்தது. அவருடைய வம்சத்திலேயே பின்னர் பிறந்த போர்த்துக்கல் நாட்டுப் புனித எலிசபெத்தைப் பற்றியும் அதே கதை சொல்லப்படுகிறது. ஆகவே பூக்களை ஒருபுறம் வைத்துவிட்டு, அந்தச் சாட்சியத்தை இம்முறை படிப்போம். கிராமங்களில் பணிசெய்யும் எமக்கு அதில் கற்க நிறைய உண்டு.

எலிசபெத் இறந்தது 1231இல். புனிதர் பட்டத்துக்கான விசாரணையின்போது, 1235ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நான்கு பெண்கள் சாட்சியமளித்தனர். கூடா என்பவர் சிறுவயது முதலே அவரோடு வளர்ந்தவர். இசென்ட்ரூட் அரண்மனையில் தோழியாக இருந்தவர். மற்ற இருவரான இர்ம்கார்டும் இன்னொரு எலிசபெத்தும் அவருடைய இறுதிக் காலத்தில் வைத்தியசாலையில் கூட உழைத்தவர்கள். சமையலறை, தொழுவம், நோயாளியின் படுக்கை என்று கண்ணால் கண்டதைச் சொன்னவர்கள் இவர்கள். மத்திய காலத்துப் புனிதர்களில் இப்படியொரு சாட்சியம் கிடைத்தவர்கள் மிகச் சிலரே.

எலிசபெத் 1207இல் ஹங்கேரி மன்னர் இரண்டாம் அந்திரேயாவின் மகளாகப் பிறந்தார். நான்கு வயதில், வருங்கால மருமகளாக, ஜேர்மன் நாட்டுத் தூரிங்கியாவுக்கு அனுப்பப்பட்டார். 1213இல் தாய் கொலை செய்யப்பட்டார். 1221இல், பதினான்கு வயதில், தூரிங்கியாவின் சிற்றரசர் லூட்விக்குக்கு மனைவியானார். அரசியல் காரணத்துக்காகப் பேசப்பட்ட திருமணம் என்றாலும் இருவரும் மனமொத்து வாழ்ந்தனர். மூன்று பிள்ளைகள் பிறந்தனர். அவர்களுடைய பிரதான கோட்டை ஐசனாக் நகருக்கு மேலே குன்றின்மீது நிற்கும் வார்ட்பூர்க்.

இந்தக் கோட்டையின் சாப்பாட்டு மேசையில் நடந்ததை இசென்ட்ரூட் விவரிக்கிறார். எலிசபெத்தின் ஆன்ம குருவான கொன்ராட், நேர்மையாகச் சேர்ந்தது என்று மனச்சாட்சி உறுதியாகச் சொல்லாத எதையும் உண்ணவோ பயன்படுத்தவோ கூடாது என்று அவருக்குக் கட்டளையிட்டிருந்தார். அக்காலத்தில் ஆளுவோரின் மேசைக்கு உணவு இரு வழிகளில் வந்தது. ஒன்று அவர்களுடைய சொந்த நிலத்தின் விளைச்சலும் முறைப்படியான வருமானமும். மற்றது, உத்தியோகத்தர்கள் குடியானவர்களிடமிருந்து நெருக்கிப் பறித்து வந்தவை. சமைத்து மேசைக்கு வந்தபின் இரண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும். ஆகவே எலிசபெத் பரிமாறுவோரிடமும் பொறுப்பாளர்களிடமும் ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று கேட்டறிந்தார். இறைச்சி சரி, பானம் சரியில்லை என்று தெரிந்தால், இன்று உண்ணலாம், குடிக்க முடியாது என்று தோழிகளுக்குச் சொல்வார். சில நாட்களில் அதற்கு நேர்மாறு. இரண்டும் சரி என்று தெரிந்த நாளில் கைகளைத் தட்டி மகிழ்ந்தாராம். இரண்டும் தவறான நாளில், விருந்தினர் நடுவே, அப்பத்தைப் பிட்டு அங்கும் இங்கும் வைத்து உண்பதுபோலக் காட்டிவிட்டுப் பசியோடு எழுந்தார். லூட்விக் இதைத் தடுக்கவில்லை. வீட்டாரின் பேச்சுக்கு அஞ்சாவிட்டால் தானும் அப்படியே செய்வேன் என்று சொன்னதாக இசென்ட்ரூட் கூறுகிறார்.

கொன்ராட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இக்கட்டளையைத் தந்ததற்காக அவரை மதிக்கலாம். ஆனால் இதே மனிதர் பிற்காலத்தில் எலிசபெத்தை அடித்தார். அவருடைய அன்புத் தோழிகளை அவரிடமிருந்து பிரித்தார். ஆன்ம வழிகாட்டல் என்ற பெயரில் ஒருவரின் விருப்பத்தை முறிக்க முயன்றார். அக்கால வழக்கம் என்று இதை மூடி மறைப்பது குருக்களாகிய எமக்கு அழகல்ல. கடுமையான சமய விசாரணையாளராக இருந்த அவர் 1233இல் பகைவர்களால் கொல்லப்பட்டார்.

1226இல் நாட்டில் பெரும் பஞ்சம். லூட்விக் பேரரசரின் அழைப்பில் இத்தாலிக்குச் சென்றிருந்தார். எலிசபெத்துக்கு வயது 19. அவர் அரச களஞ்சியங்களைத் திறந்தார். ஒருவருக்கு அன்றன்று தேவையான அளவு நாள்தோறும் கொடுக்கப்பட்டது. பொதுப் பங்கீட்டுக்கு வரிசையில் காத்து நிற்க முடியாத நோயாளிகளைக் கோட்டைக்குக் கீழே ஒரு பெரிய வீட்டில் சேர்த்தார். செங்குத்தான பாதையில் நாளுக்குப் பலமுறை ஏறி இறங்கி அவர்களைப் பார்த்தார். தம் நகைகளையும் விற்றார்.

அடுத்து நடந்ததுதான் என்னை மிகவும் கவர்ந்தது. புதிய அறுவடை நெருங்கியதும், வேலைசெய்யக்கூடிய அனைவருக்கும் சட்டையும், அரிதாள் குத்தாமல் காலுக்குச் சப்பாத்தும், கையில் ஓர் அரிவாளும் கொடுத்து, அறுவடைக்குப் போய்ச் சொந்த உழைப்பில் வாழும்படி அனுப்பினார். உழைக்க முடியாத பலவீனருக்குச் சந்தையில் உடைகள் வாங்கிக் கொடுத்தார். நிவாரண வேலையில் ஈடுபட்ட எவருக்கும் தெரியும்: பங்கீட்டைத் தொடங்குவது எளிது, நிறுத்துவது கடினம். பெயர்ப் பட்டியல் ஆண்டுக்கணக்கில் நீளும். வாங்குபவருக்கும் பழகிவிடும், கொடுப்பவருக்கும் பழகிவிடும். எலிசபெத் விளைச்சலின் காலத்தைப் பார்த்து நிறுத்தினார். அதிலும், வெறுங்காலோடு அரிதாளில் நிற்பவனின் வலியை ஓர் அரசி யோசித்திருக்கிறார். வயலில் இறங்காதவருக்கு அது இலகுவில் தோன்றாது.

லூட்விக் திரும்பியபோது உத்தியோகத்தர்கள் முறையிட்டனர். வார்ட்பூர்க்கும் நொயன்பூர்க்கும் எமக்கு மிஞ்சியிருந்தால் போதும், அவள் கொடுக்கட்டும் என்ற கருத்தில் அவர் பதிலளித்ததாக மரபு கூறுகிறது. மறு ஆண்டே, 1227 செப்டெம்பரில், சிலுவைப் போருக்குச் செல்லும் வழியில் ஒத்ராந்தோவில் காய்ச்சலால் இறந்தார். எலிசபெத் கோட்டையை விட்டு நீங்கினார். கணவனின் உறவினரும் ஆட்களும் துரத்தினர் என்பது ஒரு கருத்து. கணவனின் பாதுகாப்பு இல்லாமல் அந்த மேசையில் மனச்சாட்சியோடு உண்ண முடியாது என்பதால் அவரே வெளியேறினார் என்பது வேறு சில வரலாற்றாசிரியர்களின் கருத்து. எனக்கு இரண்டும் ஒன்றுக்கொன்று முரணாகத் தெரியவில்லை. உணவு வந்த வழியைக் கேட்கும் ஒருவரை எந்த வீடும் நெடுநாள் பொறுக்காது.

1228இல் மார்பூர்க் நகருக்கு வந்து, அவ்வாண்டு புனிதராக உயர்த்தப்பட்ட அசிசி பிரான்சிஸ்குவின் பெயரில் ஒரு வைத்தியசாலையை அமைத்தார். கணவன் வழியில் தமக்கு உரியதற்கு ஈடாகக் கிடைத்த பணத்தில் 500 மார்க்கை ஒரே நாளில் பகிர்ந்தார். சுற்றுப்புற ஏழைகள் பெருந்திரளாக வந்தனர். இடம் மாறி வந்து இரண்டாம் முறை வாங்குபவருக்குத் தலைமயிர் வெட்டப்படும் என்பது விதி. ஒழுங்கு வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். ஆனால் பங்கீடு முடிந்து வலுவுள்ளவர்கள் போனபின், நிலவொளியில், நடக்க இயலாதவர்கள் மதிலோரங்களில் கிடப்பதைக் கண்டார். அவர்களுக்கு மறுபடியும் கொடுத்தார், தலைக்கு ஆறு காசு, குழந்தைகளுக்கும் குறையாமல். அப்பம் கொடுத்து, குளிர் காய நெருப்பும் மூட்டச் செய்தார். அவர்கள் பாடத் தொடங்கினர் என்கிறார் இர்ம்கார்ட்.

நோயாளிகளைக் குளிப்பாட்டுவதும் படுக்கை போடுவதும் அவருடைய அன்றாட வேலை. 1231 நவம்பர் 17இல் இறந்தபோது வயது 24. 1235இல் பாப்பரசர் ஒன்பதாம் கிரகோரி அவரைப் புனிதராக அறிவித்தார். அதே ஆண்டு மார்பூர்க்கில் அவரது கல்லறைமீது எழத் தொடங்கிய ஆலயம் ஜேர்மனியின் மிகப் பழைய கோதிக் ஆலயங்களில் ஒன்று. அவருடைய பெயர் தாங்கிய வைத்தியசாலைகள் பல நாடுகளில் உண்டு. பிரான்சிஸ்குவின் மூன்றாம் சபையார் அவரைப் பாதுகாவலியாகக் கொண்டுள்ளனர்.

மார்பூர்க் நாட்களில் அவர் தம் கைச்செலவுக்கு அல்டன்பேர்க் மடத்திலிருந்து கம்பளி வாங்கிக் கூலிக்கு நூல் நூற்றார். ஒருமுறை கூலியை முன்கூட்டியே பெற்றிருந்தார். நூற்று முடிக்குமுன் கொன்ராட் அவரை ஐசனாக்குக்கு வருமாறு அழைத்தார். நூற்காத கம்பளியை மடத்துக்குத் திருப்பி அனுப்பினார். அதோடு, தாம் உழைக்காத பங்குக்கு, ஒரு கொலோன் காசும் சேர்த்து அனுப்பினார்.