வைப்பர் நின்றுவிட்டதா? மோட்டார் மீது பழி போடும் முன்…

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையில் பிற்பகல் மழை பிடித்துக்கொண்டால் எப்படி இருக்கும் என்பதை அந்த வழியில் காய்கறி ஏற்றிச் செல்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அப்படிப்பட்ட மழையில் பிக்கப் வண்டியின் வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் தூரத்தைக் கடக்கிறது. என்ன நடந்தது என்று புரிந்துகொள்ள மூன்று விநாடிகள் ஆனால், அதற்குள் 50 மீட்டர் சாலையை ஏதும் தெரியாமலே கடந்திருப்பீர்கள். ஆகவே முதலில் அபாய விளக்கைப் போட்டு, வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டுங்கள். மழை விட்ட பிறகு மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்து நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். "மோட்டார் போயிடுச்சி, மாத்தணும்" என்பார்கள். புது மோட்டார் வாங்கிப் போடுவோம். சில வேளைகளில் வைப்பர் ஓடவும் செய்யும். இரண்டு மாதத்தில் மறுபடியும் நிற்கும். காரணம், வைப்பர் என்பது மோட்டார் மட்டும் அல்ல. பேட்டரி, ஃபியூஸ், சுவிட்ச், ரிலே, மோட்டார், அதன் பல்சக்கரம், கிராங்க் எனப்படும் சிறு கை, இணைப்புத் தண்டுகள், இரண்டு சுழல் அச்சுகள், கடைசியாக வைப்பர் கை என்று இது ஒரு நீண்ட சங்கிலி. எந்தக் கண்ணி அறுந்தாலும் வெளியே தெரியும் அடையாளம் ஒன்றே: கண்ணாடி துடைபடாது.

எந்தக் கண்ணி என்று கண்டுபிடிக்க உங்கள் காதே முதல் கருவி. இன்ஜினை ஓட விடாமல் சாவியை மட்டும் திருப்பி, ரேடியோவை அணைத்து, கண்ணாடியில் தண்ணீர் ஊற்றிவிட்டு வைப்பரைப் போடுங்கள். மோட்டார் சுழலும் ஓசை கேட்கிறது, கைகள் அசையவில்லை என்றால் மின்சாரத்தில் பழுதில்லை. மோட்டாருக்குப் பிறகு எங்கோ இணைப்பு விட்டுப்போயிருக்கிறது. ஓசையே இல்லை என்றால் பெரும்பாலும் மின்வழியில் தேட வேண்டும். முனகல் மட்டும் கேட்டால் ஏதோ இறுகிப்போய் மோட்டாரைத் தடுக்கிறது.

ஓசை இருந்து, ஒரு கை மட்டும் அசையவில்லை என்றால், அந்தக் கையின் அடியில் உள்ள பிளாஸ்டிக் மூடியை நெம்பி எடுத்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் நட் தளர்ந்திருக்கலாம். அச்சின் தலையில் நுண்ணிய பற்கள் உண்டு. நட் தளர்ந்தால் கை அந்தப் பற்களின் மேல் வழுக்கும். வைப்பர் கை மென்மையான அலுமினியம், அச்சோ எஃகு. தளர்ந்த நட்டோடு ஒரு வாரம் ஓட்டினால் தேய்வது கைதான். சீக்கிரம் கவனித்தால் கம்பித் தூரிகையால் துடைத்து இறுக்குவதோடு வேலை முடிந்தது.

இரண்டு கைகளும் அசையவில்லை என்றால், பானட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே இருக்கும் பிளாஸ்டிக் உறையைக் கழற்ற வேண்டியிருக்கும். அதற்கு முன் சாவியை எடுத்து, பேட்டரியின் எதிர்முனையையும் கழற்றிவிடுங்கள். இந்தத் தண்டுகள் எதிர்பாராமல் அசைந்தால் விரலை நசுக்கிவிடும். கண்ணாடியின் மேல் ஒரு தடித்த துண்டை விரித்துவையுங்கள். தூக்கிவைத்த கை ஸ்பிரிங் வேகத்தில் விழுந்து கண்ணாடியைக் கீறல் விடச் செய்த கதை பட்டறைகளில் ஏராளம். கைகளைக் கழற்றும் முன் அவை நிற்கும் இடத்தைக் கண்ணாடியில் ஒட்டுத்தாளால் அடையாளமிடுங்கள்.

உள்ளே முதலில் பார்க்க வேண்டியவை தண்டுகளின் மூட்டுகள். நம் தோள்மூட்டைப் போல ஓர் உலோக உருண்டை பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் அமர்ந்திருக்கும். வெயிலிலும் வெப்பத்திலும் அந்தப் பிளாஸ்டிக் காலப்போக்கில் மொறுமொறுப்பாகி, உருண்டை கழன்றுவிடும். கேபிள் டை போட்டுக் கட்டினால் வீடு போய்ச் சேரலாம். அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

மற்றொன்று, இறுகிப்போன சுழல் அச்சு. எஃகு அச்சு அலுமினியக் கூட்டுக்குள் சுழல்கிறது. நீர் புகுந்தால் அரிப்பு பொருமிக்கொண்டு அச்சை நெரிக்கும். இதற்கு ஒரு தனி அடையாளம் உண்டு: வைப்பர் சில நிமிடங்கள் ஓடும், நின்றுவிடும், பத்து நிமிடம் கழித்து எதுவும் நடக்காததுபோல் மறுபடியும் ஓடும். பல மோட்டார்களுக்குள் ஈருலோகத் தகடு ஒன்று இருக்கிறது. சுமை கூடி மோட்டார் சூடேறினால் அது வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். ஆறியதும் மீண்டும் இணைக்கும். மோட்டார் தன்னைக் காத்துக்கொள்வதைப் பார்த்து, மோட்டாருக்கே நோய் என்று தீர்ப்பெழுதி விடுகிறோம். தண்டைப் பிரித்துவிட்டு அச்சைக் கையால் சுழற்றிப் பாருங்கள். எளிதாகச் சுழலவில்லை என்றால் துரு நீக்கும் எண்ணெய் விட்டு, சுத்தம் செய்து, கிரீஸ் தடவுங்கள்.

இனி ஓசையே இல்லாத வண்டி. ஃபியூஸ் பெட்டியின் மூடியில் வைப்பருக்கு உரியது எது, எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கும். நிறத்தைக் கொண்டும் அறியலாம்: 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. எரிந்த ஃபியூஸுக்குப் பதில் பெரியதைப் போடாதீர்கள். அடுத்த முறை எரிவது வயராக இருக்கும். புதியதும் உடனே எரிந்தால், மோட்டார் இறுகியிருக்கிறது அல்லது வயர் எங்கோ உடலில் உரசுகிறது.

ஃபியூஸ் நலமா? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மோட்டாரின் பிளக்கைக் கழற்றி, மல்டிமீட்டரை வைத்தால் 12 வோல்ட் காட்டும். "மின்சாரம் வருகிறது, மோட்டார்தான் செத்துவிட்டது" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறோம். ஆனால் தோட்டத்து ரப்பர் குழாயை நினைத்துப் பாருங்கள். நடுவில் மிதிபட்டிருந்தாலும், முனையை விரலால் அடைத்தால் விரலில் முழு அழுத்தமும் தெரியும். விரலை எடுத்தால்தான் தண்ணீர் சொட்டுவது புரியும். மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் மிகமிகச் சிறியது; அதனால் துருப்பிடித்த இணைப்பையும் நல்லது என்று சொல்லிவிடும். துரு அரை ஓம் தடையாக நிற்கிறது, மோட்டார் 6 ஆம்பியர் இழுக்கிறது என்றால், ஓம் விதிப்படி 3 வோல்ட் அங்கேயே தொலைகிறது. மோட்டாருக்குக் கிடைப்பது 9 தான்.

ஆகவே பிளக்கைக் கழற்றாமல், பேட்டரியை மீண்டும் இணைத்து, வைப்பரைப் போட்ட நிலையிலேயே அளக்க வேண்டும். கைகள் தண்டுகளிலிருந்து தள்ளியிருக்கட்டும். மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும், சிவப்பு முனையை மோட்டாரின் எர்த் இணைப்பிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. பல வண்டிகளில் மோட்டாரைப் பொருத்தும் போல்ட்டுகளே எர்த்தாகவும் இருக்கின்றன. பழுதை உறுதி செய்ய, மோட்டாரின் எர்த்திலிருந்து பேட்டரியின் எதிர்முனைக்கு ஒரு தடித்த வயரைப் பிடித்துப் பாருங்கள். வைப்பர் உயிர்பெற்றால், உங்களுக்குத் தேவை ஒரு துண்டு உப்புத்தாள் மட்டுமே. இரு பக்கமும் அளவு சரியாக இருந்தும் மோட்டார் அசையவில்லை என்றால், அப்போது மாற்றுங்கள், வருத்தப்பட வேண்டாம்.

பாதி வேலை செய்யும் வைப்பர்களும் உண்டு. மெதுவேகம் ஓடி, அதிவேகம் ஓடவில்லை என்றால் மோட்டாருக்குள் இருக்கும் மூன்றாவது கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். அந்த பிரஷ் கம்பிச் சுருளின் குறைந்த சுற்றுகளை மட்டும் பயன்படுத்துவதால் எதிர் மின்னழுத்தம் குறைந்து மோட்டார் விரைகிறது. இரண்டு வேகமும் ஓடி, விட்டுவிட்டுத் துடைப்பது மட்டும் நின்றால் ரிலேயையும் சுவிட்சையும் பாருங்கள். (1960களில் இந்த இடைவெளித் துடைப்புக்கு மின்னணுச் சுற்று அமைத்த அமெரிக்கர் ராபர்ட் கெர்ன்ஸ், கண் இமைப்பதிலிருந்தே அந்த யோசனையைப் பெற்றார். பிறகு தன் காப்புரிமைக்காகப் பெரிய கார் நிறுவனங்களோடு ஆண்டுக்கணக்கில் வழக்காடினார்.) அணைத்தவுடன் நின்ற இடத்திலேயே வைப்பர் நின்றுபோனால், கையைக் கீழே கொண்டுசேர்க்கும் வரை மின்சாரம் தரும் பார்க்கிங் சுவிட்ச் பழுது, அது பெரும்பாலும் மோட்டாரின் பல்சக்கரப் பெட்டிக்குள்ளேயே இருக்கும்.

திரும்பப் பொருத்தும்போது அவசரம் வேண்டாம். கைகளை மாட்டும் முன் மோட்டாரை ஒருமுறை ஓட்டி அணைத்து, அது தன் ஓய்விடத்தில் நிற்கட்டும். அதன் பிறகு ஒட்டுத்தாள் அடையாளத்துக்கு நேராகக் கைகளை வைத்து நட்டை இறுக்குங்கள். இல்லாவிட்டால் இரண்டு கைகளும் ஒன்றோடொன்று மோதும்.

உறையை மூடும் முன் இன்னும் ஒரு வேலை இருக்கிறது. செம்பனைத் தோட்டத்திலோ சாலையோரத் தூங்குமூஞ்சி மரத்தடியிலோ நிறுத்தப்படும் வண்டியாக இருந்தால், அந்தப் பள்ளத்தில் சருகும் மண்ணும் மக்கிக் கிடக்கும். அதை அள்ளிவிட்டு, வடிகால் துளை எங்கே என்று தேடி, ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் தேங்காமல் வண்டியின் அடியில் ஒழுக வேண்டும்.