பேரரசின் பெருமை

பேரரசுகளின் பெருமையை அவை ஆண்ட நிலப்பரப்பால் அளப்பது உலக வழக்கு. அவ்வளவு ஒன்றே போதுமா? கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் வரலாறு இவ்வினாவிற்கு விடை பகரும்.

கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அசோகரின் மோரியப் பேரரசு இந்தியாவின் பெரும்பகுதியில் பரவியிருந்தது. தமிழகமோ அதன் எல்லைக்குப் புறத்தே இருந்தது. ஆயினும் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர் முதலியோர் நாடுகளிலும் மக்களுக்கும் விலங்குகளுக்கும் மருத்துவ உதவி செய்வித்ததாக அவருடைய கல்வெட்டுக் கூறுகிறது. சத்தியபுத்திரர் யாவர்? திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில் 1981-இல் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சியை அப்பெயராலேயே குறிக்கிறது. படை செல்லாத நாட்டிற்கும் மருந்து செல்லவேண்டும் என்று கருதினார் அசோகர்.

பிற்காலத்தில் ஆங்கிலப் பேரரசு உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை ஆண்டது. கல்வராயன் மலையும் அதற்கு உட்பட்டதே. எனினும், மலையில் மூன்று ஜாகிர்தார்களின் அதிகாரமே செல்லுபடியாயிற்று. மலைவாழ் மக்கள் அவர்களுக்குக் கூலியின்றி உழைத்தனர். ஆங்கிலேயர் சென்ற பின்னரும் அவ்வதிகாரம் நீடித்தது. 1976-இல் தமிழக அரசு ஜாகிர்களை ஏற்றபோதே அது முடிவுற்றது.

நிலப்பரப்பு ஓர் அரசின் வலிமையைக் காட்டும். அதன் பெருமையைக் காட்டுவதோ, எளியோர் வாழ்வில் அது விளைத்த நன்மையே அன்றோ!