டிக் செய்தால் மட்டும் தெரியட்டும்: வ்யூவில் காட்டுவதும் மறைப்பதும்

ஆர்டர் படிவம் ஒன்றில் "டெலிவரி முகவரி வேறு" என்று ஒரு செக்பாக்ஸ். அதை டிக் செய்தால்தான் முகவரிக் கட்டங்கள் தெரிய வேண்டும். வ்யூ 3-இல் இது சில வரி வேலைதான்.

முதலில் ஸ்கிரிப்ட் பகுதியில் ரெஃப் வைத்து ஒரு மாறியை உருவாக்கி, ஃபால்ஸ் என்று தொடங்குங்கள். 'வேறுமுகவரி' என்றே பெயர் வைக்கலாம்; ஜாவாஸ்கிரிப்ட் தமிழ்ப் பெயரையும் ஏற்கும். ஸ்கிரிப்டுக்குள் அதைத் தொடும்போது பெயருக்குப் பின் புள்ளி வைத்து வேல்யூ என்று எழுத வேண்டும். டெம்ப்ளேட்டில் அது தேவையில்லை.

அடுத்து, செக்பாக்ஸில் வி-மாடல் போட்டு அந்த மாறியோடு இணையுங்கள். டிக் செய்தால் மாறி ட்ரூ ஆகும், எடுத்தால் ஃபால்ஸ்.

இனி முகவரிக் கட்டங்களை ஒரே டிவ்வுக்குள் போட்டு, அந்த டிவ்வில் வி-இஃப் எழுதுவதா, வி-ஷோ எழுதுவதா? பலர் கைக்கு வந்ததை எழுதிவிடுகிறார்கள். வி-ஷோ எதையும் நீக்குவதில்லை. சிஎஸ்எஸ்ஸின் டிஸ்ப்ளே பண்பை நன் ஆக்கிக் கண்ணில் படாமல் வைக்கிறது, அவ்வளவே. வி-இஃப் அந்த டிவ்வையே பக்கத்திலிருந்து எடுத்துவிட்டு, வேண்டும்போது புதிதாகக் கட்டுகிறது.

இந்தப் படிவத்துக்கு வி-இஃப்தான் சரி. பின்கோடு கட்டத்தில் ரிக்வயர்டு போட்டு வி-ஷோவால் மறைத்தால், கட்டம் காலியாக இருப்பதால் பிரவுசர் படிவத்தை அனுப்பாது. கட்டம் மறைந்திருப்பதால் எச்சரிக்கையையும் காட்ட முடியாது. பட்டனை அழுத்தி அழுத்திப் பார்ப்பவருக்குக் காரணமே புரியாது. கன்சோலில் மட்டும் ஒரு பிழை வரி நிற்கும்.

வி-இஃப்பில் வேறொரு கவனம் வேண்டும். கட்டம் நீங்கினால் அதில் தட்டியதும் போய்விடும். அதைக் காக்க ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி வி-மாடல் கொடுங்கள். ஆனால் டிக்கை எடுத்த பிறகும் பழைய முகவரி மாறியில் இருக்கும். அனுப்பும்போது 'வேறுமுகவரி' ட்ரூவா என்று பார்த்தே முகவரியைச் சேருங்கள்.

மெனு, டேப் போல அடிக்கடி திறந்து மூடுபவற்றுக்கு வி-ஷோ போதும். வி-எல்ஸ் அதனுடன் சேராது. வி-இஃப் உள்ள எலிமெண்டுக்கு அடுத்ததாகவே வர வேண்டும். வி-ஃபார், வி-இஃப் இரண்டையும் ஒரே எலிமெண்டில் எழுதாதீர்கள். வ்யூ 2-இல் வி-ஃபார் முதலில் ஓடியது. வ்யூ 3-இல் வி-இஃப் முந்திக்கொள்ளும்.

வி-இஃப், வி-ஷோ இரண்டுமே பாதுகாப்பு அல்ல. பிரவுசருக்கு வந்த தகவலை டெவலப்பர் டூல்ஸில் யாரும் பார்த்துவிடலாம். பயனர் பார்க்கக் கூடாததைச் சர்வரிலிருந்தே அனுப்பாதீர்கள்.