ஓடும் கணினியை இடம் மாற்றுவது எப்படி?

தருமபுரி–சேலம் நெடுஞ்சாலையில் தொப்பூர் அருகே பாளையம் சுங்கச்சாவடி உள்ளது. அங்கு வரும் லாரியின் கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக் வில்லையை ஒரு கருவி படிக்கிறது; கட்டணம் தொலைவிலுள்ள கணினிகளில் கணக்காகிறது. தேசிய நெடுஞ்சாலைகளில் 2021 பிப்ரவரியில் இம்முறை கட்டாயமாக்கப்பட்டது. லாரிகள் இரவும் பகலும் வருகின்றன. இத்தகைய ஓயாத பணியைச் செய்யும் கணினி பழுதுபார்க்கப்பட வேண்டுமானால் என்ன செய்வது?

பெரிய கணினி ஒன்றுக்குள் பல ‘மெய்நிகர் கணினிகளை’ மென்பொருளால் உருவாக்கலாம். அவற்றை ஆளும் மென்பொருளை மேற்பார்வையாளர் என்போம். மெய்நிகர் கணினியை, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே, வேறொரு பெட்டிக்கு மாற்றிவிட முடியும்.

ஒரு கணக்குப் போடுவோம். நினைவகம் 10,000 மெகாபைட். அனுப்பும் வேகம் நொடிக்கு 1,000 மெகாபைட். முழுவதையும் நகலெடுக்க 10 நொடி ஆகும். ஆனால் வேலை நிற்கவில்லையே! நொடிக்கு 100 மெகாபைட் வீதம் மாறினால், அதற்குள் 1,000 மெகாபைட் மாறியிருக்கும். மாறியதை மட்டும் மீண்டும் அனுப்ப 1 நொடி. அதற்குள் மாறுவது 100 மெகாபைட். அடுத்த சுற்றுக்கு 0.1 நொடி; மிஞ்சுவது 10 மெகாபைட். இப்போது மெய்நிகர் கணினியைச் சற்றே நிறுத்தி, மிச்சத்தை அனுப்பி, மறுமுனையில் தொடங்கலாம். மிச்சத்தை அனுப்ப 0.01 நொடி போதும்! 2005 இல் கேம்பிரிட்ஜ், கோபன்ஹேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு விளையாட்டுச் சேவைக் கணினியை 0.06 நொடி மட்டுமே நிறுத்தி இவ்வாறு மாற்றிக் காட்டினர்.

இம்முறையின் உயிர்நாடி, எந்தப் பக்கம் மாறியது என்ற குறிப்பேடு. நினைவகத்தை ஒரு கிடங்காகக் கொள்ளுங்கள். முன்வாசல் வழியாக வரும் சரக்கைக் காவலர் எழுதிவைக்கிறார். செயலி எழுதுவதை மேற்பார்வையாளர் அறிவது இப்படித்தான்.

வேகத்திற்காகச் சில வேளைகளில் வலையமைப்பு அட்டை போன்ற சாதனத்தை மெய்நிகர் கணினியிடமே நேரடியாக ஒப்படைப்பர். அது செயலியைத் தொடாமல் நினைவகத்தில் எழுதும். இது பின்வாசல்! இங்கே நிற்கும் காவலர் ஐ.ஓ.எம்.எம்.யூ. என்னும் சுற்று. சாதனம் சொல்லும் முகவரியை உண்மை முகவரியாக மாற்றுவதும், அத்துமீறலைத் தடுப்பதும் இதன் பணி. அண்மைக்காலச் சுற்றுகள், சாதனம் எழுதிய பக்கங்களையும் குறித்து வைக்கின்றன. 2024 ஜனவரியில் வெளிவந்த லினக்ஸ் 6.7 இல் இதற்கு ஆதரவு சேர்ந்தது.

மெய்நிகர் கணினிக்குள்ளும் இத்தகைய ஒரு சுற்று, மெய்நிகராகவே, இருக்கலாம். அப்போது சாதனத்திற்கான முகவரி அட்டவணையை மெய்நிகர் கணினியே எழுதும். அடிக்கடி அழிக்கவும் செய்யும். ஒரு வரி அழியுமுன் அதற்குரிய குறிப்பை எடுத்துவிட வேண்டும். இல்லையேல் எந்தப் பக்கம் மாறியது என்பது தெரியாமலே போய்விடும். இறுதியில் அட்டவணையும் சாதனத்தின் உள்நிலையும் மறுமுனைக்குச் செல்ல வேண்டும். சாதனமும் இதற்கு இடம்கொடுப்பதாக அமைய வேண்டும்.

ஒரு பக்கம் தவறினால் கணினி உடனே நின்றுவிடாது; பழைய தகவலுடன் ஓடிக்கொண்டேயிருக்கும். கட்டிய பணம் கட்டாததாகத் தெரியலாம். நின்றுபோவதைவிட இதுவே ஆபத்து. எனவே, யார் எழுதினாலும் குறிப்பு தவறக் கூடாது.

உங்களுக்கு ஒரு கேள்வி: மேற்கண்ட கணக்கில் மாறும் வேகமும் நொடிக்கு 1,000 மெகாபைட் ஆனால், ஒவ்வொரு சுற்றிலும் எவ்வளவு மிஞ்சும்? கணக்கிட்டுப் பாருங்கள்.