ஆம்ப்ளிஃபையரும் பழைய கருவியின் விலையும்

டெல்லி சரோஜினி நகர் அரசுக் குடியிருப்பிலிருந்து மாற்றலாகிச் செல்லும் ஊழியர் ஒருவர், வால்வு ஆம்ப்ளிஃபையர் ஒன்றையும் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர் ஒன்றையும் விற்பதாகக் கொள்வோம். எதற்கு விலை மிகும்?

1947-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் தோன்றிய டிரான்சிஸ்டர், வால்வைப் படிப்படியாக விலக்கியது. இன்றைய ‘டி’ வகுப்புக் கருவியில் அது விரைந்து திறந்து மூடும் சுவிட்சாக இயங்குவதால், மின்னாற்றலில் சுமார் 90 விழுக்காடு ஒலிபெருக்கியை அடைகிறது; ‘பி’ வகுப்பின் கோட்பாட்டு வரம்போ 78.5 விழுக்காடே. சிறிய, மலிவான இக்கருவியால் சாதாரண டிரான்சிஸ்டர் பெட்டி மதிப்பிழக்கிறது.

மூல ஒலியின் இருமடங்கு அதிர்வெண்ணில் வால்வு சேர்க்கும் சிறு திரிபைச் சுவைஞர் சிலர் இனிமை என்பர். ஆதலின் பழுதற்ற வால்வுக் கருவிக்கே விலை மிகும்.

பள்ளிக்கு வாங்குவோர் சுவையினும் பாதுகாப்பையே முதலிற் கருதுக. வால்வுக் கருவியின் மின்தேக்கிகள், இணைப்பைத் துண்டித்த பின்னும் நூற்றுக்கணக்கான வோல்ட் அழுத்தத்தைத் தாங்கி நிற்கக்கூடும். மாணவர் முன் அதனைத் திறத்தல் ஆகாது.