முதலைக்கு மேலே ஒரு கூடு



கார்த்திகை மழை ஓய்ந்த ஒரு காலைப் பொழுதில் திருத்தணி மலையின் 365 படிகளையும் ஏறி, மேலே நின்று சுற்றிலும் பாருங்கள். கோடையில் வெடித்துக் கிடந்த ஏரிகளெல்லாம் தகடு தகடாக மின்னும். கீழே இறங்கி ஓர் ஏரிக்கரையில் கால் மணி நேரம் அசையாமல் நின்றால் போதும். மடையான், உண்ணிக்கொக்கு, நீர்க்காகம், முக்குளிப்பான், நத்தைகுத்தி நாரை என்று ஐந்தாறு பறவைகளையாவது கண்டுகொள்ளலாம். அதே திருவள்ளூர் மாவட்டத்தில் 1944இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் போனால் இன்னும் பல இனங்களைக் காணலாம். ஆந்திர எல்லையைத் தாண்டினால் பழவேற்காடு ஏரியும், கூழைக்கடாக்கள் கூடு கட்டும் நேலப்பட்டுச் சரணாலயமும் இருக்கின்றன. பறவைகளுக்கு எல்லைக்கோடு ஏது?

இந்த நீர்நிலைகளில் நாம் பார்ப்பது பறவையை மட்டுமே. ஆனால் நீருக்குள் ஒரு முதலையும் இருந்தால் என்ன ஆகும்? பறவைகள் அந்த இடத்தைவிட்டு ஓடிவிடும் என்றுதான் நாம் நினைப்போம். உண்மையோ வேறு. முதலைகள் மிதக்கும் நீருக்கு நேர் மேலே, கிளைகளில் நூற்றுக்கணக்கான பறவைகள் கூடு கட்டும் இடங்கள் உலகில் பல உண்டு. நம் அண்டை மாநிலத்திலேயே ஒன்று உண்டு. எதிரியின் தலைக்கு மேலேயே தொட்டில் கட்டுவானேன்? இந்தக் கேள்விக்கு விடை தேடுவோம்.

முதலையா, அலிகேட்டரா?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். அலிகேட்டர் என்பது முதலையின் நெருங்கிய உறவினம். இன்று அதில் இரண்டே இனங்கள் உள்ளன. ஒன்று அமெரிக்காவில் வாழ்வது, மற்றொன்று சீனாவில் வாழ்வது. இந்தியக் காடுகளில் அலிகேட்டர் கிடையாது.

நம் நாட்டில் உள்ளவை மூன்று: ஆறு, ஏரி, குளங்களில் வாழும் சதுப்புநில முதலை, கழிமுகங்களில் வாழும் உவர்நீர் முதலை, நீண்டு ஒடுங்கிய மூக்குடன் மீன் பிடித்துத் தின்னும் கரியல். குறிஞ்சிப்பாட்டும் முதலை, இடங்கர், கராம் என்று மூன்று பெயர்களைச் சொல்கிறது. நம் முன்னோர் நீர்நிலைகளை எவ்வளவு கூர்ந்து பார்த்தார்கள் என்பதற்கு இது ஒரு சான்று.

அலிகேட்டரையும் முதலையையும் எப்படிப் பிரித்தறிவது? வாயை மூடியிருக்கும்போது கீழ்த்தாடையின் நான்காவது பல்லைப் பாருங்கள். முதலையில் அந்தப் பல் வெளியே துருத்திக்கொண்டு தெரியும். அலிகேட்டரில் அது மேல்தாடைக் குழிக்குள் மறைந்துவிடும். நம் சதுப்புநில முதலையின் மூக்கு அகலமானது. மேலோட்டமாகப் பார்த்தால் அலிகேட்டர் போலவே இருக்கும். ஆகவே மூக்கை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

தமிழ்நாட்டில் அமராவதி, சாத்தனூர் நீர்த்தேக்கங்களிலும், ஒகேனக்கல் பகுதியிலும், கொள்ளிடம் ஆற்றிலும் சதுப்புநில முதலை இன்றும் வாழ்கிறது. தோலுக்காக வேட்டையாடப்பட்டு அருகிப்போன இந்த இனத்துக்கு 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1975இல் தொடங்கிய முதலைப் பாதுகாப்புத் திட்டமும் மறுவாழ்வு தந்தன.

ரங்கன்திட்டுக் காட்சி

கர்நாடகத்தில் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அருகே காவிரியின் நடுவே சில சிறு தீவுகள் உள்ளன. 17ஆம் நூற்றாண்டில் மைசூர் மன்னர் ஆற்றின் குறுக்கே கட்டிய ஓர் அணையினால் உருவானவை அவை. பறவையியல் அறிஞர் சாலிம் அலி இங்கே பறவைகள் பெருந்திரளாகக் கூடு கட்டுவதைக் கண்டு, இதனைக் காக்கவேண்டும் என்று மைசூர் அரசிடம் எடுத்துரைத்தார். 1940இல் இது சரணாலயமாயிற்று. 2022இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது.

இங்கே படகில் போகிறவர் ஒரே பார்வையில் இரண்டு காட்சிகளைக் காணலாம். மரக்கிளைகளில் மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், நீர்க்காகம் ஆகியவற்றின் கூடுகள். அவற்றின் கீழே, பாறைமேல் வாயைப் பிளந்து வெயில் காயும் முதலைகள். முதலை குளிர்இரத்தப் பிராணி. உடல் வெப்பத்தை உணவை எரித்து உண்டாக்காமல் வெயிலிலிருந்தே பெறுகிறது. அதனால் அதற்கு உணவு குறைவாகவே தேவை. நாள்கணக்கில் காத்திருக்கவும் முடியும். இந்தப் பொறுமைதான் அதன் பெரிய ஆயுதம்.

லாப நட்டக் கணக்கு

கூட்டிலிருந்து குஞ்சு ஒன்று தவறி நீரில் விழுந்தால் முதலை அதனை விழுங்கிவிடும். இது பறவைக்கு நட்டம். அப்படியானால் லாபம் எங்கே?

கொக்கு, நாரைக் கூடுகளுக்கு உண்மையான ஆபத்து மரம் ஏறும் விலங்குகளால் வருகிறது. காட்டுப்பூனை, மரநாய் போன்ற ஒரு விலங்கு இரவில் மரத்தில் ஏறிவிட்டால் ஒரு கூட்டோடு நிற்காது. கிளைக்குக் கிளை தாவி முட்டை, குஞ்சு என்று பாராமல் தீர்த்துவிடும். சில வேளைகளில் தாய்ப் பறவைகள் அஞ்சி அந்தக் குடியிருப்பையே கைவிட்டுப் போய்விடும். மரத்தைச் சுற்றி நீர் இருந்தால் அது அகழிபோல் காக்கும். அந்த அகழியில் முதலையும் இருந்தால்? பண்டைக் கோட்டை அகழிகளில் முதலைகளை விட்டுவைத்ததாக நீங்கள் படித்த கதைதான்!

ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். ஒரு தீவில் 100 கூடுகள், கூட்டுக்கு 3 குஞ்சுகள், ஆக 300 குஞ்சுகள். பருவம் முழுவதும் முதலைகள் 30 குஞ்சுகளைத் தின்றாலும் மிச்சம் 270. முதலை இல்லாத ஆண்டில் ஒரே ஒரு மரநாய் நீந்தி வந்து, பறவைகள் கூட்டத்தோடு வெளியேறிவிட்டால் மிச்சம் பூச்சியம். எது மேல்?

இன்னொன்றையும் கணக்கில் சேர்க்கவேண்டும். கொக்கினப் பறவைகள் பல, தாம் வளர்க்கக்கூடிய அளவைவிட மிகுதியாக முட்டையிடுகின்றன. முட்டைகள் ஒரே நாளில் பொரிப்பதில்லை. கடைசியில் பொரிந்த குஞ்சு சிறியது. மூத்தவற்றோடு போட்டியிட முடியாமல் பட்டினி கிடக்கும், அல்லது தள்ளிவிடப்படும். நீரில் விழுவதில் பெரும்பங்கு இத்தகைய குஞ்சுகளே. முதலைக்குக் கிடைப்பது பெரும்பாலும், எப்படியும் பிழைத்திராத குஞ்சுதான். காவலாளிக்குப் பறவைகள் கொடுக்கும் கூலி என்று இதைச் சொல்லலாம்.

இது வெறும் ஊகமன்று. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் எவர்கிளேட்ஸ் என்ற பெரும் சதுப்புநிலம் இருக்கிறது. அங்கே பறவைக் குடியிருப்புகளின் அருகில் வாழும் அலிகேட்டர்களையும், குடியிருப்பு இல்லாத இடங்களில் வாழும் அலிகேட்டர்களையும் ஆராய்ச்சியாளர்கள் பிடித்து, அளந்து, எடை பார்த்து விட்டார்கள். 2016இல் வெளியான முடிவின்படி, பறவைகளுக்கு அருகில் இருந்தவையே நல்ல உடற்கட்டுடன் இருந்தன. பறவைக்குக் காவல், அலிகேட்டருக்கு உணவு. இரு தரப்புக்கும் லாபம்!

குச்சி ஏந்திய முதலை

சென்னைக்குத் தெற்கே சுமார் 40 கி.மீ. தொலைவில், வடநெம்மேலியில் முதலைப் பண்ணை இருக்கிறது. ரோமுலஸ் விட்டேக்கரும் அவருடைய துணைவர்களும் 1976இல் தொடங்கியது இது. முதலைக் குளங்களை ஒட்டிய மரங்களில் கொக்குகள் தாமாகவே வந்து கூடு கட்டுகின்றன.

2007இல் விளாடிமிர் டைனட்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் இங்கே ஒரு விந்தையைக் கண்டார். சில முதலைகள் மூக்கின்மேல் சிறு குச்சிகளை வைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தன. கூடு கட்டும் காலத்தில் கொக்குகளுக்குக் குச்சி கிடைப்பது அரிது. மிதக்கும் குச்சியை எடுக்க ஒரு கொக்கு நெருங்கினால் முதலை பாய்ந்துவிடும். பின்னர் அவர் அமெரிக்காவின் லூசியானாவில் அலிகேட்டர்களை ஓராண்டுக் காலம் கவனித்தார். பறவைக் குடியிருப்பு உள்ள இடங்களிலும், கூடு கட்டும் பருவத்திலும் மூக்கில் குச்சியுள்ள அலிகேட்டர்கள் மிகுதியாகக் காணப்பட்டன. முதலைகள் குச்சியைத் தூண்டில் இரைபோல் பயன்படுத்துகின்றன என்று அவரும் அவருடைய துணையாளர்களும் 2013இல் எழுதினார்கள். செய்தி உலகமெங்கும் பரவியது.

சற்று நில்லுங்கள்! உடனே நம்பிவிடலாமா?

இப்படியும் சிந்திக்கலாம். கூடு கட்டும் பருவத்தில் பறவைகள் குச்சிகளைத் தவறவிடும். ஆகவே அங்கே நீரில் விழும் குச்சிகளும் மிகுதியாக இருக்கலாம். முதலை மேலே எழும்பும்போது ஒன்றிரண்டு தற்செயலாக மூக்கில் தங்கியிருக்கலாம் அல்லவா? இரண்டு நிகழ்ச்சிகள் ஒரே காலத்தில் நடப்பதனால் மட்டும் ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது. குச்சிகள் அந்த நீரில் இயல்பாக மிதப்பது அரிது என்று டைனட்ஸ் இதற்கு விடை சொன்னார். இருந்தாலும் சோதனை வேண்டும். பறவை உள்ள குளத்திலும் இல்லாத குளத்திலும் குச்சிகளை நாமே மிதக்கவிட்டு, எங்கே அவை மூக்கின்மேல் மிகுதியாகக் காணப்படுகின்றன என்று எண்ணவேண்டும். பின்னாளில் வேறு ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்காவில் அலிகேட்டர்கள் வளர்க்கப்படும் இடங்களில் குச்சிகளை இட்டுச் சோதித்தபோது, தூண்டில் விளக்கத்துக்கு ஆதரவு கிடைக்கவில்லை. ஆகவே இக்கேள்வி இன்னும் மூடப்படவில்லை. பார்த்தது ஒன்று, அதற்கு நாம் தரும் விளக்கம் வேறொன்று. இரண்டையும் பிரித்து வைப்பதே அறிவியலின் முதற்பாடம்.

மறைந்த உறவு

கொக்கும் முதலையும் பகையாளிகள்போலத் தோன்றுகின்றன. ஆனால் இன்று உயிரோடிருக்கும் விலங்குகளில் முதலைக்கு மிக நெருங்கிய உறவினர் யார் தெரியுமா? பல்லியுமன்று, ஆமையுமன்று, பறவைகளே! இரண்டுக்கும் நான்கு அறைகள் கொண்ட இதயம். இரண்டும் கூடு அமைத்து முட்டையைக் காக்கும். இரண்டின் குஞ்சுகளும் ஓட்டுக்குள் இருக்கும்போதே குரல் கொடுக்கும். தாய் முதலை அந்தக் குரலைக் கேட்டு மணலைத் தோண்டி, குஞ்சுகளை வாயில் ஏந்தி நீரில் கொண்டுபோய் விடும். கிளையில் தாய்க் கொக்கு, கீழே தாய் முதலை. பல கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்த ஒரே குடும்பத்தின் இரு கிளைகள் அவை.

முதலையுள்ள நீர்நிலையில் பறவை பார்ப்பவர்களுக்கு

பறவை பார்ப்பவர் கண் மேலேயே இருக்கும். ஆபத்து கீழே இருக்கும். ஆகவே சில விதிகள்:

1. நீர் விளிம்பில் உட்காராதீர்கள். கைகால் கழுவக் குனியாதீர்கள். முதலை விளிம்பை ஒட்டியே பதுங்கும். அதன் தாடையில் உள்ள சிறு கரும்புள்ளிகள் நீரின் மெல்லிய அசைவையும் உணரும்.

2. முதலை கண்ணில் படவில்லை என்றால் முதலை இல்லை என்று பொருளன்று. கண்ணும் மூக்குத் துளையும் மட்டும் வெளியே இருந்தால் அது கட்டைபோலவே தோன்றும்.

3. படகில் கையை வெளியே தொங்கவிடாதீர்கள். வனத்துறையினர் காட்டிய எல்லையைத் தாண்டாதீர்கள். பெரியவர் துணையின்றிப் போகாதீர்கள்.

4. எந்தப் பறவைக் குடியிருப்பையும் நெருங்காதீர்கள். தாய் பறந்துவிட்டால் முட்டையைக் காகம் கொத்திச் செல்லும். குஞ்சு வெயிலில் வாடும்.

நம் ஏரிக்கு யார் காவல்?

திருத்தணி வட்டாரத்து ஏரிகளில் கூடுகளைக் காக்க முதலை இல்லை. செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலிலும் இல்லை. ஆனால் அங்கே நீரில் நிற்கும் மரங்களில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பறவைகள் கூடு கட்டுகின்றன. காவல் இரண்டு. ஒன்று, மரங்களைச் சுற்றிய நீர். மற்றொன்று, ஊர் மக்கள். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்று அறிந்த அவர்கள், 200 ஆண்டுகளுக்கும் மேலாகப் பறவைகளை வேட்டையாட விடாமல் காத்துவருகிறார்கள். ரங்கன்திட்டில் முதலை செய்யும் வேலையை இங்கே மனிதன் செய்கிறான்! ஆனால் மழை பொய்த்து ஏரி வற்றினால் அகழி போய்விடும். நாயும் பூனையும் நடந்தே மரத்தடிக்கு வந்துவிடும். ஏரியில் நீர் நிற்பது நெல்லுக்கு மட்டுமன்று, கூட்டுக்கும் வேண்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

உங்கள் ஊர் ஏரியைக் கரைமேல் நின்றபடி, வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில், அரை மணி கவனியுங்கள். நாள், நீர்மட்டம், பறவையின் பெயர், எண்ணிக்கை, அதன் செயல், அருகில் கண்ட நாய், பூனை, கீரி, காகம் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் கட்டம் போட்டு எழுதுங்கள். தை முதல் வைகாசி வரை எழுதியபின் விடை காணுங்கள்:

நீர்மட்டம் குறையக் குறையப் பறவைகளின் எண்ணிக்கை எப்படி மாறியது? அந்த மாற்றத்துக்கு நீர்தான் காரணமா? வேறு காரணம் இருக்கக்கூடுமா? அதை எப்படிச் சோதிப்பீர்கள்?

கடைசி இரண்டு கேள்விகளை மறந்துவிடாதீர்கள். மூக்கில் குச்சி வைத்த முதலையைப் பார்த்து அறிஞர்கள் கேட்டதும் அவற்றைத்தான்.